அமெரிக்காவில் எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சி என்பது மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பெறும் சிறப்புப் பயிற்சி. அதைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு தரப்பு. அமெரிக்காவிலேயே மெடிக்கல் ஸ்கூலில் மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம் (பாதி நேரம் கேட்பது அவர்களின் அப்பா அம்மாதான்). தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடிக்கும் தறுவாயில், அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுக்கு (யூஎஸ்எம்எல்இ) படித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் பாதி இருவருக்கும் பொது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கான விஷயம் பின்னால் தனியாக வருகிறது. அவசரமென்றால் நேரே அங்கே போய்விடுங்கள்.

பயிற்சி எத்தனை வருடம்?

மூன்று அல்லது நான்கு, இடத்தைப் பொறுத்து. 1970-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முதல் ரெசிடென்சி தொடங்கியது. 1979-இல் தனித் துறையாக அங்கீகாரம் கிடைத்தது. மூன்றா நான்கா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. எல்லா இடத்திலும் நான்கு வருடமாக்கலாம் என்று பயிற்சிகளை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இ 2025-இல் ஒரு வரைவை வெளியிட்டது. அதனால் பழைய பதிவுகளில் இருக்கும் வருடக் கணக்கை நம்பாமல், அந்தந்த ப்ரோகிராமின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஆயிரம் பக்கம் இருக்கிறது. முதலில் எதைப் படிப்பது?

மூன்று போதும்.

முதலாவது, எம்ராவும் கார்டும் சேர்ந்து வெளியிடும் மாணவர் ஆலோசனைக் கையேடு. எம்ரா என்பது எமர்ஜென்சி ரெசிடென்டுகளின் சங்கம், 1974-இலிருந்து இருக்கிறது. கார்ட் என்பது ரெசிடென்சி இயக்குநர்களின் அமைப்பு. அதாவது உங்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களும், போன வருடம்வரை உங்கள் இடத்தில் இருந்தவர்களும் சேர்ந்து எழுதியது. இலவசம். இதைப் படிக்காமல் யூடியூபில் ஆலோசனை தேடுவது எனக்குப் புரியாத விஷயம்.

இரண்டாவது, எம்ரா மேட்ச் என்ற தேடல் தளம். எந்த மாநிலம், எத்தனை வருடம், பல்கலைக்கழக மருத்துவமனையா கவுன்ட்டி மருத்துவமனையா சமூக மருத்துவமனையா என்றெல்லாம் வடிகட்டிப் பார்க்கலாம்.

மூன்றாவது, கார்டுக்குள் மாணவர் ஆலோசனைக்கென்றே இருக்கும் குழுவின் கட்டுரைகள். வெளிநாட்டில் படித்தவர்கள், டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) மாணவர்கள், தம்பதியாக விண்ணப்பிப்பவர்கள், இரண்டாம் முறை முயல்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனி வழிகாட்டி போட்டிருக்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு எது பொருந்துமோ அதை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

எஸ்எல்ஓஇ, எஸ்எல்ஓஇ என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறைக்கான மதிப்பீட்டுக் கடிதம். மற்ற துறைகளில் ஒரு பேராசிரியர் “மிக நல்ல மாணவர், பண்பானவர், பரிந்துரைக்கிறேன்” என்று ஒரு பக்கம் எழுதுவார். படிக்கிறவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்தே எழுதினால் யாரை எடுப்பது? இதற்காகத்தான் 1990-களில் எமர்ஜென்சி துறையினர் ஒரே மாதிரியான படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எழுதுகிறவர் கட்டங்களை நிரப்பியாக வேண்டும். வேலையில் அக்கறை எப்படி, குழுவோடு எப்படி, நோயாளியிடம் எப்படி, ரெசிடென்டாக வந்தால் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கைபிடித்து நடத்த வேண்டியிருக்குமா, எங்கள் பட்டியலில் இவரை எங்கே வைப்போம்: மேல் பத்து சதவீதத்திலா, மேல் மூன்றில் ஒரு பங்கிலா, நடுவிலா, கீழேயா.

பெரும்பாலும் இதை ஒரு ஆள் எழுதுவதில்லை. உங்களோடு ஷிப்ட் பார்த்தவர்களின் குறிப்புகளையெல்லாம் வைத்துக்கொண்டு, அந்த ரெசிடென்சியின் தலைமைக் குழு உட்கார்ந்து எழுதும். நீங்கள் அதைப் பார்க்க முடியாது. பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் கேட்பீர்கள்.

இயக்குநர்கள் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் திறப்பது இந்தக் கடிதத்தைத்தான். ஆராய்ச்சிக் கட்டுரை, தங்கப் பதக்கம், தன்னார்வப் பணி எல்லாம் அதற்கு அப்புறம். மாணவராக நான்கு வாரம் அவசரப் பிரிவில் (இதைத்தான் ரொட்டேஷன் என்பார்கள்) நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் உங்கள் விண்ணப்பம். கையேடு, தளம், பாட்காஸ்ட் எல்லாமே அந்த நான்கு வாரத்துக்கு உங்களைத் தயார் செய்யத்தான்.

நடுவில் மூன்றில் ஒரு பங்கு என்று வந்தால் பயப்பட வேண்டாம். கணக்குப்படியே மூன்றில் ஒருவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். மேட்ச் ஆகிறவர்களில், அதாவது ரெசிடென்சி இடம் கிடைப்பவர்களில், நிறையப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

எத்தனை எஸ்எல்ஓஇ வேண்டும்?

பொதுவாக இரண்டு. ஒன்று சொந்தக் கல்லூரியின் அவசரப் பிரிவிலிருந்து, இன்னொன்று வெளியே ஒரு இடத்திலிருந்து. ஒன்றுகூட இல்லாமல் அழைப்பு வருவது கடினம். மூன்றாவதுக்கு அலைவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அந்த மாதத்தில் ஐசியூவோ குழந்தைகள் எமர்ஜென்சியோ போய் வேலை கற்றுக்கொள்ளலாம். ரெசிடென்சி இல்லாத மருத்துவமனையிலோ வேறு துறையிலோ இருப்பவர்கள் எழுதவும் தனிப் படிவங்கள் உண்டு. ஆனால் ரெசிடென்சி நடத்தும் இடத்திலிருந்து வருவதற்குத்தான் எடை அதிகம்.

வெளி ரொட்டேஷனுக்கு எப்படி இடம் பிடிப்பது?

அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் மாணவர்களுக்கு விஎஸ்எல்ஓ என்ற பொதுத் தளம் இருக்கிறது, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்துவது. எங்கெல்லாம் மாணவர்களை எடுக்கிறார்கள் என்று பார்க்க, எமர்ஜென்சி கல்வியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇஎம்மின் ரொட்டேஷன் பட்டியல் உதவும். மூன்றாம் வருடத்தின் பனிக்காலத்திலேயே தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு, முகமூடி அளவுச் சோதனை எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்த பிறகு ஒரு காசநோய்ப் பரிசோதனைக் காகிதத்துக்காகக் கைநழுவவிட்டவர்கள் உண்டு.

ஜூன் முதல் செப்டம்பருக்குள் இரண்டும் முடிந்துவிட வேண்டும். செப்டம்பர் கடைசியில் ப்ரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறக்கும்போது கடிதம் உள்ளே இருந்தால்தான் பலன்.

அந்த நான்கு வாரத்தில் என்னதான் செய்ய வேண்டும்?

நம்மவர்கள் பெரும்பாலும் அறிவால் தோற்பதில்லை. நோயாளியைப் பற்றி மூத்த மருத்துவரிடம் சொல்லும் விதத்தில் தோற்கிறார்கள். தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கு லாங் கேஸ் பழக்கம் ஊறிப்போயிருக்கும்: பெயர், வயது, ஊர், தொழில், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்று தொடங்கி, குடும்ப வரலாறு, உணவுப் பழக்கம், தலை முதல் கால் வரை பரிசோதனை. அவசரப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அதற்குள் இரண்டு பேர் வந்து குறுக்கே ஈசிஜி நீட்டுவார்கள்.

ஒரு உதாரணம். 55 வயதுப் பெண், நெஞ்சு வலி. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“55 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு மணி நேரமாக நடு நெஞ்சில் அழுத்தம், கூடவே வியர்வை. மாடி ஏறும்போது தொடங்கியது. பார்க்க அசதியாக இருக்கிறார், ரத்த அழுத்தம் இரண்டு கையிலும் ஒரே அளவு, ஆக்சிஜன் சரியாக இருக்கிறது, நுரையீரல் தெளிவு, கால் வீக்கம் இல்லை. எனக்கு முதல் கவலை மாரடைப்பு. நுரையீரல் ரத்தக் கட்டியும் மகாதமனிக் கிழிசலும் மனதில் இருக்கின்றன. வலியின் தன்மையையும் பரிசோதனையையும் வைத்துப் பார்த்தால் வாய்ப்பு குறைவு. ஈசிஜி எடுத்தாயிற்று, இதோ. எஸ்டி உயர்வு இல்லை. ஆஸ்பிரின் கொடுக்கலாம். ட்ரோபோனின் இப்போதும், மறுபடி ஒரு முறையும் பார்க்கலாம். மார்பு எக்ஸ்ரே வேண்டும். வலி தொடர்ந்தால் ஈசிஜியைத் திரும்ப எடுக்கலாம்.”

அவ்வளவுதான். கொல்லக்கூடியது எது என்று முதலில் சொன்னீர்கள், எதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று காட்டினீர்கள், என்ன செய்யலாம் என்று நீங்களே முன்வைத்தீர்கள். தவறாக இருந்தால் அவர்கள் திருத்துவார்கள், பரவாயில்லை. “நீங்கள் சொல்லுங்கள் சார், செய்கிறேன்” என்று நிற்பதைத்தான் அங்கே விரும்ப மாட்டார்கள். நம் ஊரில் அது மரியாதை. அங்கே அதை யோசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

கூடவே அந்த ஈசிஜி. நெஞ்சு வலியோடு வந்தவருக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் அதை எடுத்து ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும் என்பது நெறிமுறை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழு வரலாறும் கேட்டு முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருக்காதீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதுதான் நல்ல மாணவரையும் மிக நல்ல மாணவரையும் பிரிப்பது. திட்டம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடிவிடாதீர்கள். திரும்பிப் போய் வலி குறைந்ததா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், யாரும் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நோயாளிக்கு என்ன நடக்கிறது என்று புரியவையுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பேரை இப்படிக் கவனமாகப் பார்த்தால் போதும், ஏழு பேரை அரைகுறையாகப் பார்க்க வேண்டாம்.

நர்சுகளிடமும் டெக்னீஷியன்களிடமும் நடந்துகொள்ளும் விதம் கடிதம் எழுதுகிறவர்களின் காதுக்குப் போகும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் படிக்க எது நல்லது? காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். ரொட்டேஷன் இயக்குநர்களின் அமைப்பான சிடெம், மூன்றாம், நான்காம் வருட மாணவர்களுக்குத் தனித்தனிப் பாடத்திட்டமே இலவசமாக வைத்திருக்கிறது. நெஞ்சு வலி, வயிற்று வலி, மூச்சுத் திணறல், தலைவலி, மயக்கம் என்று தொந்தரவு வாரியாக இருக்கும். நோயாளி நோயின் பெயரோடு வருவதில்லை, தொந்தரவோடுதான் வருகிறார் என்பதால் அந்த வரிசையே ஒரு பயிற்சி.

ஈசிஜிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்தப்படும் லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன் தளத்தின் தொகுப்பு. நான் பார்த்தவரை இதற்கு இணை இல்லை. தினம் இரண்டு பாருங்கள். பயணத்தில் கேட்க ஈஎம் கிளார்க்‌ஷிப் பாட்காஸ்ட், மாணவர்களுக்கென்றே எளிமையாகச் செய்தது. ஷிப்ட் நடுவில் மருந்தளவு பார்க்க விக்கெம் என்ற தளம். விண்ணப்பம், நேர்காணல் பற்றிய உரையாடல்களுக்கு 2009-இல் மிஷெல் லின் தொடங்கிய ஏலியெம் தளம். ப்ரோகிராம் இயக்குநர்களே பேசும் வரிசை ஒன்று அதில் இருக்கிறது.

ஸ்டெப் மதிப்பெண் எவ்வளவு வேண்டும்?

ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி 26 முதல் மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். அதனால் எல்லோர் கண்ணும் ஸ்டெப் 2 சிகே மேல்தான். இந்தத் துறை அதிலும் வானளாவிய எண் கேட்பதில்லை. தோல்வி இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். விண்ணப்பம் போடுவதற்கு முன் முடிவு கையில் இருக்கட்டும். டிஓ மாணவர்களில் பலர் காம்லெக்ஸ் (அவர்களுக்கான தனி உரிமத் தேர்வு) மட்டும் எழுதியே மேட்ச் ஆகிறார்கள். போக நினைக்கும் இடம் யூஎஸ்எம்எல்இ கேட்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் ஈராஸ் வழியாகத்தானே?

ஈராஸ் என்ற விண்ணப்பத் தளத்தைத்தான் பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும். 2025-26 பருவம் முதல் எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சிகேஸ் என்ற வேறு தளத்துக்கு மாறிவிட்டது. மகப்பேறு துறை அதற்கு ஒரு வருடம் முன்பே போனது. எமர்ஜென்சியோடு இன்டர்னல் மெடிசினுக்கும் போட நினைப்பவர்கள் இரண்டு தளத்திலும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கடிதம் எழுதுகிறவர்களிடமும் எந்தத் தளம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை இடங்களுக்குப் போடலாம்?

இது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் எண் சொல்ல மாட்டேன். உங்கள் கல்லூரி பங்கேற்றால் டெக்சஸ் ஸ்டார் என்ற தரவுத்தளத்தில் முந்தைய வருட மாணவர்கள் என்ன மதிப்பெண்ணோடு எங்கே அழைப்புப் பெற்றார்கள் என்று பார்க்கலாம். ஊகத்தைவிட அது மேல். விண்ணப்பத்தோடு சில இடங்களுக்கு மட்டும் “உங்கள்மேல் எனக்குத் தனி விருப்பம்” என்று சிக்னல் கொடுக்கலாம்; எத்தனை என்பது வருடா வருடம் மாறுகிறது. ரொட்டேஷன் செய்த இடத்துக்கும் சொந்தக் கல்லூரிக்கும் அதை வீணாக்க வேண்டாம் என்பதுதான் இதுவரை சொல்லப்பட்டு வரும் ஆலோசனை. அமெரிக்க மாணவர் பன்னிரண்டு இடங்கள் அளவில் நேர்காணல் முடித்து அத்தனையையும் வரிசைப்படுத்தினால் மேட்ச் ஆகும் வாய்ப்பு மிக அதிகம்.

பர்சனல் ஸ்டேட்மென்ட்?

ஒரு பக்கம். பிழை இல்லாமல். “சிறு வயதில் தாத்தாவை ஆம்புலன்சில் ஏற்றியபோது” என்று தொடங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதியது படிக்கும்போதே தெரிகிறது.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

2020-இலிருந்து பெரும்பாலும் இணைய வழியில்தான், அக்டோபர் முதல் ஜனவரி வரை. பயண செலவு மிச்சம். மருத்துவக் கேள்விகள் அரிது. ஏன் இந்தத் துறை, குழுவுக்குள் ஒரு மோதலை எப்படிக் கையாண்டீர்கள், உங்களைப் பாதித்த ஒரு நோயாளி என்று போகும். ஏன் இந்தத் துறை என்பதற்கு “பரபரப்பு பிடிக்கும்” என்று சொல்லாதீர்கள். உண்மையில் ஷிப்டின் பெரும்பகுதி முதுகு வலி, இருமல், போக இடமில்லாமல் வந்தவர்கள். 1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருகிற யாரையும் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். அந்த வாசலில் நிற்க ஏன் விருப்பம் என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல முடிந்தால் போதும்.

ரேங்க் பட்டியலில் “கிடைக்கக்கூடியதை” முதலில் போடலாமா?

கூடாது. உங்களுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். நேர்காணல் முடிந்ததும் நீங்களும் ப்ரோகிராம்களும் தரும் விருப்பப் பட்டியல்களைப் பொருத்தும் அமைப்பு என்ஆர்எம்பி. அதன் கணக்கீட்டு முறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. எட்டாத இடத்தை முதலில் வைத்ததால் இரண்டாவது இடம் கைவிட்டுப் போகாது. இந்த வகைப் பொருத்த முறைகளுக்காகத்தான் ஆல்வின் ராத்துக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

2023-இல் நூற்றுக்கணக்கான இடம் காலியாகக் கிடந்ததாமே? அப்போ சுலபம்தானே?

கிடந்தது உண்மை. 2022-இல் 219, 2023-இல் 554. கோவிட் காலச் சோர்வு, புதிது புதிதாகத் திறந்த ரெசிடென்சிகள், 2030-க்குள் சுமார் 7,800 எமர்ஜென்சி மருத்துவர்கள் மிகையாக இருப்பார்கள் என்று 2021-இல் வந்த கணிப்பு என்று காரணங்களை அடுக்கினார்கள். ஆனால் 2024-இலேயே காலியிடம் 135 ஆகக் குறைந்துவிட்டது. 2023 எண்ணைக் காட்டி யாராவது ஆசை காட்டினால், எந்த வருடக் கணக்கு என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ். எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது, குறுகலானது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகள் இந்தத் துறையில் மிகச் சிறிய பங்கு. இன்டர்னல் மெடிசினோடு ஒப்பிடவே முடியாது. மதிப்பெண் மட்டும் இதற்குக் காரணமில்லை. எஸ்எல்ஓஇ வேண்டும், அதற்கு அமெரிக்க அவசரப் பிரிவில் கைவைத்து வேலை பார்க்கும் ரொட்டேஷன் வேண்டும், பல இடங்கள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை.

எடுக்கும் இடங்களும் பெரும்பாலும் மாணவராக இருக்கும்போதுதான் எடுக்கும். பட்டம் கைக்கு வந்துவிட்டால் அப்சர்வர்‌ஷிப்தான் கிடைக்கும், அதாவது ஓரமாக நின்று பார்ப்பது. நின்று பார்த்தவருக்கு எடையுள்ள எஸ்எல்ஓஇ எழுத முடியாது. ஆகவே சிஆர்ஆர்ஐ (கட்டாய ஹவுஸ் சர்ஜன் பயிற்சி) முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று இருக்காதீர்கள். மூன்றாம் வருடத்திலேயே எந்தப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கின்றன என்று ஒவ்வொன்றின் பக்கமாகப் பார்த்து, உங்கள் கல்லூரி முதல்வரிடம் கையெழுத்துக் கடிதம் வாங்கும் வேலையைத் தொடங்குங்கள். அந்தக் கையெழுத்துக்கே மாதக்கணக்கு ஆகலாம்.

தேர்வு விஷயத்தில் இப்போது ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே, ஓஇடி மெடிசின் ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இசிஎஃப்எம்ஜி சான்றிதழ். நோயாளியைப் பார்க்கும் பழைய சிஎஸ் தேர்வு 2021 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. கல்லூரி அங்கீகாரம் பற்றிய குழப்பமும் தீர்ந்தது: உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு 2023-இல் நம் தேசிய மருத்துவ ஆணையத்தைப் பத்து வருடத்துக்கு அங்கீகரித்தது.

விசா பெரும்பாலும் ஜே-1. இந்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து கடிதம் வேண்டும், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும். அல்லது மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்று வருடம் வேலை செய்து விலக்குப் பெற வேண்டும். அதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஸ்டெப் 3 முன்பே முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. இதையெல்லாம் விண்ணப்பிக்கும் ஆண்டில் மறுபடி சரிபாருங்கள்.

இந்தத் துறைதான் ஆசை, நாடு எதுவானாலும் சரி என்பவர்கள் இந்தியாவிலேயே எம்டி எமர்ஜென்சி மெடிசினையும் யோசியுங்கள். 2009-இல் அங்கீகாரம் பெற்ற மூன்று வருடப் படிப்பு, நீட் பிஜி வழியாக.

ரொட்டேஷன் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று ஏஜென்சிகள் பணம் கேட்கின்றன. கட்டலாமா?

கட்டுவதற்கு முன் இரண்டே கேள்வி. அந்த மருத்துவமனையில் எமர்ஜென்சி ரெசிடென்சி இருக்கிறதா? அதன் தலைமைக் குழு எஸ்எல்ஓஇ எழுதுமா? இரண்டுக்கும் எழுத்தில் ஆம் என்று பதில் வரவில்லையென்றால் அது உங்களுக்கு வேண்டாம். “வலுவான கடிதம் கிடைக்கும்” என்பது பதில் இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில் நான்கு வாரம் இருந்ததற்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பயன்படாத கடிதத்தோடு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மேட்ச் ஆகவில்லை என்றால்?

மார்ச் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை ஆம், இல்லை என்று மட்டும் மின்னஞ்சல் வரும். இல்லை என்றால் அன்றே சோப் என்ற காலியிட நிரப்பு முறை தொடங்கும். காலியிடங்களுக்கு அதிகபட்சம் 45 ப்ரோகிராம்கள் வரை போடலாம், வியாழனுக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் அழ அவகாசம் இல்லை. எந்தத் துறையென்றாலும் போவதா, எமர்ஜென்சி மட்டும்தானா என்பதைப் பிப்ரவரியிலேயே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளதா என்பதையும் சரிபாருங்கள். இசிஎஃப்எம்ஜி சான்றிதழுக்கான தேர்வுகள் முடியாதவர்கள் சோப்பில் நுழைய முடியாது.

சோப்பிலும் கிடைக்கவில்லை என்றால், மெடிசினிலோ சர்ஜரியிலோ ஒரு வருட ப்ரிலிமினரி இடம் கிடைத்தால் எடுத்துக்கொண்டு, அந்த வருடத்தில் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு மாதம் கேட்டு வாங்கி, புதிய கடிதத்தோடு மறுபடி வாருங்கள். பழைய கடிதங்களையே வைத்து இன்னும் அதிக இடங்களுக்கு அனுப்புவதில் பயன் குறைவு. விண்ணப்பத்தைத் திரும்ப அனுப்புவதற்கு முன், உங்களை நேர்காணல் செய்த இரண்டு மூன்று இயக்குநர்களுக்கு எழுதி எங்கே குறை என்று கேளுங்கள். எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்கிறவர் ஒருவர் போதும்.